பெல்லி டான்ஸ்: ஸ்டெப் எல்லாம் மனப்பாடமா, இல்ல அப்பப்போ தோணுறதா?

முதல்ல ஒண்ணு கேட்டுக்கோங்க, பாட்டு ரெக்கார்டிங்கா இல்ல கூடவே வாசிக்கப் போறாங்களா? அதுலயே பாதி முடிவு ஆயிடும். லைவ்னா மனப்பாடம் பண்ணத நம்பிப் போகாதீங்க, டர்புக்கா (கோப்பை வடிவ கைமேளம்) வாசிக்கறவர் மூடு வந்து நாலு சுத்து சேத்து வாசிச்சாருன்னா உங்க கணக்கு அம்பேல். குரூப்பா ஆடறீங்கன்னா வேற வழியே இல்ல, கோரியோகிராஃபி வேணும். எகிப்துல டான்ஸர் மஹ்மூத் ரேதா 1959ல ஆரம்பிச்ச குழு அப்படி செட் பண்ணி ஆடினதுதான்.

தனியா ஆடறவங்களுக்கு என்னோட வழி: என்ட்ரி, முடிவு, நடுவுல பாட்டு டக்குனு நிக்கற ரெண்டு மூணு இடம், இத மட்டும் ஃபிக்ஸ் பண்ணுங்க, மிச்சத்த விட்டுடுங்க. தக்ஸீம் வந்தா, அதாவது ஒரே ஒரு வாத்தியம் தாளம் இல்லாம இழையற இடம், அங்க ஸ்டெப் எண்ணவே கூடாது, நின்ன இடத்துலயே இடுப்ப மெதுவா எட்டு போடுங்க, ஸ்வரம் நின்னா நீங்களும் நில்லுங்க.

தாளம் காதுல ஏறணும். மக்ஸூம், சயீதி ரெண்டும் இதுல வர்ற தாளங்க; தும்னா மேளத்து நடுவுல விழற கனமான அடி, தக்னா ஓரத்துல விழற கூர்மையான அடி. மக்ஸூம்னா தும் தக், தக் தும், தக். சயீதில நடுவுல ரெண்டு தும் ஒட்டி வரும், தும் தக், தும் தும், தக். கைதட்டியே பழகுங்க.

அப்புறம் ஒரு பாட்டு முழுக்க மூணே மூணு மூவ்மென்ட் வச்சு ஆடிப் பாருங்க, ரெண்டாவது நிமிஷம் போர் அடிக்கும், அதுக்கப்புறம்தான் வேகம், சைஸ், திசைன்னு மாத்தத் தோணும். நான் ஒரு தடவ மேடைல ஸ்டெப் மறந்து சிரிச்சுக்கிட்டே தோள ஆட்டி சமாளிச்சேன், அந்த இடத்துக்குத்தான் கைதட்டல்!