ஃபீட் பம்பைக் கழற்றும் முன் ஒரு கேன் டீசல் எடுங்கள்

ஏற்றத்தில் கியரைக் குறைத்தும் வண்டி இழுக்காது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தாலும் புகைகூட வராது, திக்கித் திக்கி நின்றுவிடும். காலையில் கை பம்ப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். பழைய டீசல் லாரியில் இதைப் பார்த்தவுடன் "ஃபீட் பம்ப் போச்சு" என்று சொல்லிவிடுவோம். நானும் அப்படி முடிவு கட்டிப் புது பம்ப் மாட்டினேன். மறுநாள் லோடோடு அதே இடத்தில் வண்டி நின்றது. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் மயிரிழை போல வெடித்திருந்தது. நல்ல பம்பைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறேன்.

இந்த வெடிப்பு கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. இன்ஜினுக்குள் டீசலை அதிக அழுத்தத்தில் அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் ஃபீட் பம்ப், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி அதற்குக் கொடுக்கிறது. உறிஞ்சும் பக்கம் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். பம்பைத் தாண்டிய பக்கத்தில் 1 முதல் 2.5 பார் அழுத்தம் இருப்பதால், அங்கே ஓட்டை என்றால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் முதலில் கேன் டெஸ்ட். சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, டேங்க் இருக்கும் உயரத்திலேயே வையுங்கள். டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸால் கேனையும் பம்பையும் இணைத்து, ஏர் எடுத்து, அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி, ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சீராக ஓடினால் பம்ப் நன்றாக இருக்கிறது. டேங்க் மூடியின் காற்றுத் துளை, டேங்குக்குள் இருக்கும் வலை, ஹோஸ், கிளிப் இவற்றைப் பாருங்கள்.

கேனிலிருந்தும் திக்கினால், பம்பின் வாயில் இருக்கும் சின்ன வலையைக் கழுவிவிட்டு, டெலிவரி பைப்பைக் கழற்றிப் பாட்டில் பிடித்து செல்ஃப் அடியுங்கள். டீசல் துடிப்புத் துடிப்பாகப் பீய்ச்ச வேண்டும். அப்படி வந்தால் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். வெறுமனே வழிந்தால் பம்ப்தான். இன்ஜின் ஆயில் மட்டம் ஏறி, டீசல் வாடை அடித்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். அது பேரிங்கைத் தின்றுவிடும். பம்போடு ஆயிலையும் மாற்றியே ஆகவேண்டும்.

இனி மாற்றும் வேலை. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, இன்ஜின் ஆறிய பிறகு பம்பைச் சுற்றி நன்றாகத் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், இன்ஜெக்ஷன் பம்ப் கெட்டுவிடும். பைப்புகளைக் கழற்றியதும் முனைகளைச் சுத்தமான துணியால் மூடுங்கள். பம்பைப் பிடித்திருக்கும் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், உள்ளே ஸ்பிரிங் தள்ளும். ரொம்ப முரண்டு பிடித்தால், பம்பைத் தள்ளி இயக்கும் கேமின் மேட்டில் பம்ப் நிற்கிறது என்று அர்த்தம். இன்ஜினைச் சற்றுத் திருப்பினால் இளகும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, அதே கனத்தில் புது பேக்கிங் வைத்து, நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். காப்பர் வாஷர்கள் எல்லாமே புதிதாக இருக்கட்டும். இந்தச் சின்ன வாஷரில் மிச்சம் பிடித்துவிட்டு மறுபடி ஏர் வாங்கும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும்.

அப்புறம் ஏர் எடுப்பது. ஃபில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கை பம்ப் அடித்து, டீசல் வரும்போதே இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பிலும் அப்படியே. கை பம்பின் பிடியை மறக்காமல் திருகி மூடுங்கள். செல்ஃபை 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நாசில் நட்டுகளை (டீசலைப் பீய்ச்சும் நாசிலில் பைப்பைப் பிடித்திருப்பவை) சற்றுத் தளர்த்தி செல்ஃப் அடிக்கலாம், ஆனால் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி ஈரமானால் அந்த இடத்தை மறுபடி பிரித்து, வேறு வாஷர் போட்டு மாட்டுங்கள்.