ஆற்றில் புதுவெள்ளம் வந்தால், குடிநீருக்கு எடுக்கும் தண்ணீரைத் தெளியவைக்கப் படிகாரம் எவ்வளவு போடுவது?

ஆடியில் காவிரி செம்மண் நிறத்தில் வரும்போது நேற்றைய அளவையே இன்றும் போட்டால் வேலைக்கு ஆகாது, ஜாடிச் சோதனை, அதாவது சில பாத்திரங்களில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்ப்பது, செய்துதான் ஆகவேண்டும். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரையுங்கள். இதில் 1 மில்லி என்பது ஒரு லிட்டர் ஆற்றுநீருக்கு 10 மில்லிகிராம்.

ஆறு பீக்கர், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் ஆற்றுநீர், அதில் இந்தக் கரைசல் வரிசையாக 1 மில்லியிலிருந்து 6 மில்லி வரை. ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, அப்புறம் கால் மணி நேரம் மெதுவாக. அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் அப்போதுதான் சேர்ந்த அழுக்குத் திரள் உடைந்துபோகும், மறுபடி ஒழுங்காகச் சேராது. பஞ்சுத் துணுக்கு போல மிதப்பது அரை மணியில் அடியில் படியும்.

மேல்நீர் எவற்றில் தெளிவோ அவற்றில் குறைந்த அளவை எடுங்கள். அது லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்றால் ஒரு கோடி லிட்டருக்கு 300 கிலோ. படிகாரம் காரத்தன்மையைத் தின்றுவிடும், அதனால் பி.எச். (நீரின் அமில, கார அளவு) பாருங்கள், 6.5க்குக் கீழே இறங்கினால் சுண்ணாம்பு சேருங்கள். குளோரின் கடைசியில், வடிகட்டிய பிறகு.