குழந்தை குடிக்கும் தண்ணீர்: குழாயிலிருந்து டம்ளர் வரை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் எந்த வீட்டிலும் இரண்டு மூன்று வகைத் தண்ணீர் புழங்கும். முறை வைத்து வரும் குழாய்த் தண்ணீர், மோட்டார் போட்டு ஏற்றும் போர் தண்ணீர், விலைக்கு வாங்கும் கேன். ஊருணித் தண்ணீரில் சமைத்தால்தான் ருசி என்பவர்களும் இருக்கிறார்கள். ருசியாக இருக்கும் தண்ணீரில் கிருமி இருக்காது என்பதில்லை. சுத்தமாக வீடு வந்து சேர்ந்த தண்ணீரும் அடுப்படிக்குள்ளேயே கெட்டுப்போகும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள வீட்டில் என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பேதி இரண்டு நாளில் நின்றாலும் அதன் விளைவு நிற்பதில்லை. அடுத்தடுத்துக் கிருமி போனால் குடலின் உட்சுவர் புண்பட்டு, சாப்பாட்டின் சத்தை உறிஞ்சும் திறன் குறையும். "நல்லாத்தான் சாப்பிடுறான், உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்று ஆச்சிமார் சொல்வதற்குப் பல வீடுகளில் இதுவும் ஒரு காரணம். எடை ஏறாது, உயரமும் தேங்கும். கொக்கிப்புழு இருந்தால் ரத்தசோகை சேரும். டைபாய்டும் சில வகை மஞ்சள் காமாலையும் கெட்ட தண்ணீர் வழியே வருபவைதான்.

1. குடிநீரைத் தனியாகப் பிரியுங்கள்

குடிக்க ஒரு பாத்திரம், புழங்க வேறு பாத்திரம். பிள்ளை பல் தேய்த்துக் கொப்பளிப்பதும் குடிநீரில்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்; சித்திரை வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதை அப்பத்தாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள்.

2. கொதிக்க வையுங்கள்

கலங்கலாக இருந்தால் சுத்தமான பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். பிறகு தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். லேசாகச் சுட்டதும் இறக்கினால் பயனில்லை. அதே பாத்திரத்தில் மூடியபடி ஆற விடுங்கள். சூடாக இருக்கிறதே என்று பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவிக் கொடுத்தால் கொதிக்க வைத்ததே வீண்.

மாடித் தொட்டிக்குக் குளோரின் போடுவதென்றால் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பழைய பவுடருக்கு வீரியம் போயிருக்கும்.

3. எடுத்து வைப்பதில்தான் பாதி வேலை

கொதித்து ஆறிய நீரை அகன்ற வாய்ப் பாத்திரத்தில் வைத்து, வருவோர் போவோரெல்லாம் டம்ளரை விட்டு மொண்டால் விரலில் இருக்கும் கிருமி நேரே தண்ணீருக்குள் போகும். குழாய் பொருத்திய பானையோ எவர்சில்வர் டிரம்மோ வாங்குங்கள். அது இல்லையென்றால் வாய் குறுகிய குடத்திலிருந்து சாய்த்து ஊற்றுங்கள். நீளக் கைப்பிடிக் கரண்டி வைத்திருந்தால், மொண்டதும் அதை மேலே மாட்டிவிடுங்கள், மூடிமேல் வைக்காதீர்கள். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பாத்திரம் இருக்கட்டும். தினமும் மீதியைக் கொட்டி, உள்ளே தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்புங்கள். கேனுக்கும் இதே கதைதான்: கேன் வைக்கும் டிஸ்பென்சரை யாரும் கழுவுவதில்லை.

செம்புக் குடம் பல வீடுகளில் இருக்கிறது. செம்பில் பல மணி நேரம் வைத்தால் கிருமி குறையும் என்பது உண்மை. உள்ளே ஈயம் பூசியிருந்தால் தண்ணீர் செம்பைத் தொடவே தொடாது. அதனால் கொதிக்க வைப்பதை விட்டுவிட்டுச் செம்பை மட்டும் நம்ப வேண்டாம்.

4. முற்றத்து மழைநீர்

ஓட்டிலிருந்து வழியும் மழையை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிப்பது நம் வீடுகளின் பெருமை. அதை விடவே கூடாது. முதல் மழையைப் பிடிக்காதீர்கள். ஓட்டில் காய்ந்து கிடக்கும் புறா எச்சம் அதில்தான் இறங்கும். அடுத்தடுத்த மழையைப் பிடித்து, அதையும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

5. கையும் மலமும்

பச்சிளம் பிள்ளையின் மலத்தில் ஒன்றுமில்லை என்ற நினைப்பு இங்கே பலமாக இருக்கிறது. அதிலும் நோய்க்கிருமி உண்டு. வாசலிலோ குப்பையிலோ போடாமல் கழிப்பறையில் கொட்டி, சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுங்கள். சோறு ஊட்டும் முன்பும் அப்படியே. பல் முளைப்பதால் பேதியாகிறது என்பார்கள். அந்த வயதில் தரையில் தவழ்ந்த கையை வாயில் வைப்பதுதான் காரணம்.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 50 அடி இருக்கட்டும். நமது செம்புறாங்கல் பூமியில் நீர் எளிதில் ஊடுருவும்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் பூச்சி மாத்திரையைத் தவற விடாதீர்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில்.

6. பேதி வந்துவிட்டால்

ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையாக, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர். டம்ளருக்குக் கொஞ்சம் என்று தூவக் கூடாது. உப்பின் அளவு மாறிவிடும். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பாக்கெட் இல்லாத நேரத்தில் 1 லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பழச்சுவை பானங்கள் வேண்டாம், அந்தச் சர்க்கரை பேதியைக் கூட்டும். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி நின்ற பிறகும். பிள்ளையின் வயதுக்கு எவ்வளவு என்பதைச் செவிலியர் சொல்வார்.

உச்சிக்குழி உள்வாங்கினால் தொக்கம் எடுக்கவும் உரம் எடுக்கவும் நாட்டு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம் அது. கண் குழிவிழுவது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாக இறங்குவது, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாதது, மலத்தில் ரத்தம், துவண்டு கிடந்து குடிக்க மறுப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. போகும் வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பிள்ளை நன்றாக இருக்கும்போதே இரண்டு பாக்கெட் வாங்கி வையுங்கள்.