குழந்தைகளை ஏற்றிச் செல்லும் சிறிய மின்வண்டி: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெதர்லாந்தின் ஓஸ் நகரில் 2018 செப்டம்பர் 20 காலையில், பகல்நேரக் காப்பகத்துக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற ஸ்டின்ட் என்னும் மின்வண்டி ரயில்வே கேட்டில் ரயிலில் அடிபட்டு நான்கு குழந்தைகள் இறந்தனர். முன்பெட்டியில் பத்துக் குழந்தைகள் வரை உட்கார, ஓட்டுநர் பின்னால் நின்றுகொண்டு ஓட்டும் வண்டி அது. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே அரசு அதற்குத் தடை விதித்தது. விபத்துக்கான காரணம் இறுதிவரை உறுதிப்படவில்லை என்றாலும், பின்னர் நடந்த தொழில்நுட்ப ஆய்வு காட்டிய குறைகள் இத்தகைய வண்டியை வடிவமைக்கும் எவரும் படிக்க வேண்டியவை.

முதல் தவறு, ஆக்சிலரேட்டரை ஒரே ஒரு சிக்னலை நம்பி அமைப்பது. வழக்கமான மின்வண்டிக் கைப்பிடியில் 5 வோல்ட், கிரவுண்ட் (மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒயர்), சிக்னல் என மூன்று ஒயர்கள் இருக்கும். கைப்பிடியைத் திருகத் திருக சிக்னலின் மின்னழுத்தம் கூடும். கிரவுண்ட் ஒயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டை நெருங்கிவிடும். ஓட்டுநர் கையை எடுத்த பிறகும், முழு வேகம் கேட்கப்படுவதாகவே, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அதைப் புரிந்துகொள்ளும். ஸ்டின்ட் ஆய்விலும் ஒயர் அறுந்தால் வண்டி தானாக வேகமெடுக்கும் என்பது தெரியவந்தது. இயல்பான வரம்பைத் தாண்டிய சிக்னலைக் கோளாறு எனக் கொண்டு மோட்டாரை நிறுத்தும்படி கன்ட்ரோலரை அமைப்பதும், தனித்தனியாக இயங்கும் இரண்டு சென்சார்களை ஒப்பிட்டுப் பார்ப்பதும், பிரேக் பிடித்த கணமே மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நிற்கச் செய்வதும் பெரிய செலவல்ல. இதில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது, மோட்டாரைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் மின்பிரேக்கையே முழுப் பிரேக்காகக் கருதுவது. கோளாறு வந்து சாவியை அணைத்தால் அந்த பிரேக்கும் சேர்ந்தே போய்விடலாம். பதற்றத்தில் ஓட்டுநர் முதலில் செய்வதோ சாவியை அணைப்பதுதான். ஆகவே மின்சாரம் சிறிதும் தேவைப்படாத, ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலை செய்யும் இரண்டு இயந்திர பிரேக்குகள் கட்டாயம் வேண்டும். மணிக்கு 17 கிலோமீட்டர் மெதுவானதாகத் தோன்றும். ஆனால் அது நொடிக்கு 4.7 மீட்டர். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி ஆனாலே அவ்வளவு தூரம் போய்விடும். நல்ல பிரேக்காக இருந்தால் அதற்குப் பிறகு ஏறக்குறைய 3 மீட்டரிலும், பாதித் திறனே உள்ள பிரேக்காக இருந்தால் 6 மீட்டரிலும்தான் வண்டி நிற்கும்.

சீட் பெல்ட்டில் இரு பக்கமும் தவறு நேர்கிறது. பெல்ட்டே இல்லாவிட்டால் சாதாரண பிரேக்கிலும் குழந்தைகள் ஒருவர் மேல் ஒருவர் சரிவார்கள். ஒவ்வொன்றாகக் குனிந்து கழற்ற வேண்டிய பெல்ட்டாக இருந்தால் ஆபத்தில் அத்தனை பேரையும் இறக்க நேரமிருக்காது. இருக்கைகளை உயர்த்தி அமைப்பதும் கூடாது, வளைவில் வண்டி கவிழ இடமாகும்.

அரசு ஒப்புதலையே பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்வதும் தவறு. ஸ்டின்ட்டும் அமைச்சகத்தின் ஒப்புதல் பெற்றுத்தான் ஓடியது. அந்த ஒப்புதல் நடைமுறையில் பாதுகாப்புக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று நெதர்லாந்தின் பாதுகாப்பு விசாரணை வாரியம் 2019இல் கண்டித்தது. சட்டம் கேட்காவிட்டாலும், குழந்தைகளின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றி, நனைந்த இறக்கத்தில், ஒயர்களை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று வடிவமைப்பாளரே அளந்து எழுதி வைக்க வேண்டும்.