ஆற்றுக்காக வேலை செய்ய ஆசையா? முதலில் ஒரு ஓடையைப் பிடியுங்கள்

ஆற்றைக் காப்பாற்றணும் என்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். பொறுக்குங்கள், தப்பில்லை. ஆனால் அடுத்த மழைக்கு அதே குப்பை அதே இடத்தில் வந்து ஒதுங்கும், ஏனென்றால் அது மேலே ஏதோ ஒரு ஓடை வழியாக வருகிறது. அதனால் ஆற்றை அப்படியே கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அதில் வந்து சேரும் ஒரே ஒரு ஓடையைத் தேர்ந்தெடுங்கள். வண்டியில் அரை மணி நேரத்தில் போய்விடும் தூரத்தில் இருக்கட்டும், மழை கொட்டும்போதுதான் அங்கே நீங்கள் நிற்க வேண்டியிருக்கும்.

வரைபடத்துக்கு அலைய வேண்டாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்கள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கின்றன. ஓடையைச் சுற்றியுள்ள மேடுகளைச் சம உயரக் கோடுகளை வைத்துப் பென்சிலால் இணைத்தால் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி, அதாவது எந்தப் பரப்பில் விழும் மழை அந்த ஓடைக்கு வருகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 10,000 லிட்டர்; 500 ஹெக்டேர் பரப்பில் ஒரே நாளில் 50 மி.மீ. பெய்தால் 25 கோடி லிட்டர். இதில் மண் எவ்வளவு குடிக்கிறது, எவ்வளவு ஒரே பாய்ச்சலாக ஓடிப்போகிறது என்பதில்தான் உங்கள் வேலை முழுவதும் இருக்கிறது.

அப்புறம் நடக்கணும். எங்கே கரை அரித்திருக்கிறது, எந்தப் பாலத்துக்கு அடியில் குப்பை அடைத்திருக்கிறது, யார் வீட்டுக் கழிவு எங்கே கலக்கிறது, எல்லாவற்றையும் படத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தந்த ஊரில் தண்ணீர் பாய்ச்சிய பெரியவர் (நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஒரு பெயர்) யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கண்மாயின் கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்) எந்த வருடம் கடைசியாக வழிந்தது, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தூர்ந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

அலுவலகத்தில் கிடைப்பது வேறு. ஓடையின் புல எண் (சர்வே எண்), கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேடு (ஊரின் நில விவரப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) இவை மூன்றும் கையில் வேண்டும். தரவில்லை என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். புலப்படத்தில் உள்ள அகலத்தையும் தரையில் உள்ள அகலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல ஊர்களில் அதிர்ச்சிதான். ஆனால் உடனே ஆக்கிரமிப்புப் புகார் என்று தனியாளாகப் பாயாதீர்கள். எடுத்த எடுப்பில் புகார் போனால் நோட்டீஸ் வாங்குவது கரையில் குடிசை போட்டவர்தான், வரத்துக்காலை மூடி மனை போட்டவர் அல்ல. முதலில் ஊரைச் சேருங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், உங்களுக்கு வாகான நாள். ஓடைப் பணியை ஊராட்சியின் வேலைப் பட்டியலில் ஏற்றச் சொல்லித் தீர்மானம் போட வையுங்கள்.

சரி, என்ன பணி கேட்பது? மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்பதுதான் வரிசை. மேலே சம உயர வரப்பும் சின்னச் சின்னக் கல் தடுப்புகளும், நடுவில் கசிவுநீர்க் குட்டைகள், கடைசியில்தான் தடுப்பணை. இதைத் தலைகீழாகச் செய்து, கீழே பெரிய கான்கிரீட் தடுப்பணை ஒன்றைக் கட்டினால் அது சில மழையிலேயே வண்டல் நிரம்பி மேடாகிவிடும். வேலூர் மாவட்டத்து நாகநதியில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் பெண்கள் கட்டியது கல் தடுப்புகளும் நீர் செறிவூட்டும் கிணறுகளும்தான். ஓடும் தண்ணீரை நிதானப்படுத்தி நிலத்துக்குள் இறக்குவது, அவ்வளவுதான் சூட்சுமம்.

தூர்வாருகிறோம் என்று ஆற்று மணலில் யாராவது இயந்திரத்தை இறக்கினால் உஷாராகிவிடுங்கள். கண்மாயில் படிந்த வண்டலை எடுத்து வயலில் போடுவது நல்லது, அதற்கு முறையாக அனுமதி வாங்கலாம். ஆற்று மணல் அப்படியில்லை, தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். சீமைக்கருவேலத்தையும் மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்கணும்.

அளவெடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓடையோரம் நாலைந்து கிணறுகளில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் கயிறு விட்டு நீர்மட்டம் பாருங்கள். தண்ணீரின் தரத்துக்கு எல்லோரும் டிடிஎஸ் மீட்டர் வாங்குகிறார்கள், ஆனால் அது கரைந்திருக்கும் உப்பைத்தான் காட்டும். நொய்யல் ஆற்றில் திருப்பூர்ச் சாயக் கழிவு போன்ற சிக்கலுக்கு அது சரியான கருவி. அந்த ஆற்றில் 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயநீர்த் தேக்கமாகிப்போனது, விவசாயிகள் வழக்குப் போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. உங்கள் ஓடையில் கலப்பது சாக்கடை என்றால் டிடிஎஸ் பெரிதாக எகிறாமலும் இருக்கலாம், சாக்கடை குறைப்பது தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை, அதைப் பார்க்கணும். குளிக்கத் தகுந்த தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு.

இதையே பிழைப்பாக்க நினைப்பவர்கள் வேளாண் பொறியியல், நிலவியல், சமூகப்பணி எதைப் படித்திருந்தாலும் வரலாம். மதுரையில் தானம் அறக்கட்டளை கண்மாய்ப் பாசன விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டி வேலை செய்கிறது. தாமிரபரணிப் பக்கம் என்றால் மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கை வளக் காப்பு மையம் நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர்ந்து பாருங்கள், அந்தத் துறை ஆள்கள் பலரையும் ஒரே இடத்தில் பார்த்துப் பேசலாம். சம்பளம் பெரிதாக இருக்காது, அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது உங்கள் ஓடையின் வரைபடமும் இரண்டு பருவத்துக் கிணற்று அளவுகளும் கையில் இருக்கட்டும்.