பார்த்த நேரம் வேறு, பதிந்த நேரம் வேறு

வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். நோயாளிப் பதிவேடு கம்ப்யூட்டருக்கு மாறியதில் எனக்கு மகிழ்ச்சிதான். கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தொல்லை, நேரம் பதிவாவதில்தான் இருந்தது. காலை 6 மணிக்குப் பார்த்த காய்ச்சலை, வார்டு வேலைக்கு நடுவே 8 மணிக்கு ஏற்றினால், திரையில் 8 என்றே விழும். மருந்து கொடுத்த நேரமோ சரியாக 6.15 என்று இருக்கும். பாராசிட்டமால் கொடுத்த பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை என்றுதானே டாக்டர் நினைப்பார்? நோயாளியின் சிகிச்சையே மாறிவிடும்!

இப்படி நேரம் மாறி விழுந்த ஒரு பதிவை, நோயாளியின் பெயரை மறைத்து அச்செடுத்துக் கம்ப்யூட்டர் பிரிவில் காட்டி, ‘பார்த்த நேரம்’ என்று தனிக் கட்டம் கேட்டு வாங்கினேன். அதை நிரப்பாமல் சேமிக்க முடியாது. கரண்ட் போனால் எழுதும் தாளிலும் அதே கட்டத்தைச் சேர்த்துவிட்டோம்.