ரோபோ வேக்யூம் கிளீனர் வாங்கப் போகிறீர்களா? முதலில் இன்ச் டேப்பை எடுங்கள்

கடையிலோ இணையத்திலோ ரோபோ வேக்யூம் கிளீனர் தேடினால் முதலில் கண்ணில் படுவது உறிஞ்சும் திறனைச் சொல்லும் ஒரு பெரிய எண்தான்: 5,000 பாஸ்கல், 8,000 பாஸ்கல், 12,000 பாஸ்கல். எண் ஏற ஏற விலையும் ஏறும். நம் ஊர் வீட்டுக்கு வாங்குகிறவர்கள் அந்த எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. டைல்ஸ் போட்ட வீட்டில் ரோபோ தினமும் உழைக்குமா, ஒரு மாதத்தில் மூலைக்குப் போகுமா என்பதை முடிவு செய்பவை வேறு: நிலைப்படியின் உயரம், கட்டிலுக்கு அடியில் உள்ள இடைவெளி, வீட்டில் உதிரும் முடி, எட்டும் தூரத்தில் சர்வீஸ் சென்டர். அந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

படி 1: வீட்டை அளந்து எழுதுங்கள்

பெரும்பாலான ரோபோக்கள் வட்டமானவை, குறுக்களவு சுமார் 35 செ.மீ. தலையில் சிறிய லேசர் கோபுரம் உள்ளவை ஏறத்தாழ 10 செ.மீ. உயரம் இருக்கும், கோபுரம் இல்லாதவை 8 செ.மீ. அளவில் இருக்கும். கட்டில், சோபா, டிவி ஸ்டாண்டு, பீரோ என ஒவ்வொன்றின் அடியிலும் டேப்பை வைத்து அளங்கள். ரோபோவின் உயரத்தைவிட ஒரு செ.மீ.யாவது கூடுதலாக இடம் வேண்டும். சரிக்குச் சரியாக இருந்தால் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். தினமும் குனிந்து நீங்கள்தான் இழுக்க வேண்டும். சாப்பாட்டு மேசை நாற்காலியின் கால்களுக்கு இடையே 40 செ.மீ. இல்லையென்றால் அந்த இடம் பெருக்கப்படாமலே இருக்கும்.

அடுத்து நிலைப்படி. சாதாரண மாடல்கள் 2 செ.மீ. வரை ஏறும். விலை உயர்ந்த புதிய மாடல்களில் சில, சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு 4 செ.மீ. அல்லது அதற்கு மேலும் ஏறுகின்றன. பழைய வீடுகளில் அறைக்கு அறை மரநிலை கீழே குறுக்காக ஓடும். அதைப் பெரும்பாலான மாடல்கள் தாண்டாது. உங்கள் வீடு அப்படி என்றால் ரோபோவை அறைக்கு அறை தூக்கி வைக்க வேண்டியிருக்கும். அதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

குளியலறை வாசலையும் கவனியுங்கள். உள்ளே தரை சற்றுத் தாழ்ந்திருக்கும். படிக்கட்டு மாதிரிப் பெரிய பள்ளத்தை ரோபோ தானாகக் கண்டுகொண்டு திரும்பிவிடும். ஆனால் இரண்டு, மூன்று செ.மீ. இறக்கம் அதற்குப் பள்ளமாகத் தெரியாது. இறங்கிவிடும், ஈரத்தில் உருளும், ஏற முடியாமல் அங்கேயே நிற்கும். ரோபோ ஓடும் நேரத்தில் அந்தக் கதவைச் சாத்தி வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வர வேண்டும்.

கருப்பு கிரானைட் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க ரோபோ தன் வயிற்றுப் பக்கத்திலிருந்து அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. அடர் கருப்புத் தரை ஒளியை விழுங்கிவிடுவதால் அங்கே பள்ளம் என்று நினைத்துச் சில மாடல்கள் நின்றுவிடும். நிலைப்படியில் கருப்புக் கல் பதிப்பது நம் பக்கம் சகஜம் என்பதால் வாங்கும்போதே இதைக் கேளுங்கள். சென்சார் மேல் டேப் ஒட்டிச் சமாளிக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். மாடிப்படி உள்ள வீட்டில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், ரோபோ உருண்டு விழும்.

படி 2: தரையில் என்ன விழுகிறது?

நம் வீட்டுத் தரையில் முக்கியமான பிரச்சினை நீளமான தலைமுடி. அப்புறம் பூக்கட்டிய நூலும் வாழைநாரும். தலையில் வைத்த மல்லிகை வாடி உதிர்ந்தபின் கீழே கிடக்கும் அந்த ஒரு முழ நூல் பிரஷ்ஷில் சுற்றினால் ரோபோ அசையாமல் நின்றுவிடும். உருளை பிரஷ்ஷில் இரண்டு வகை உண்டு: குச்சம் குச்சமாக மயிர் உள்ளது, ரப்பர் மட்டும் உள்ளது. பெண்கள் உள்ள வீட்டுக்கு ரப்பர் உருளையே நல்லது. முடி அதிலும் சுற்றும்தான், ஆனால் கழற்றி உருவிவிடலாம். மயிர்ப் பிரஷ்ஷில் கத்தரிக்கோல் வைத்துத்தான் வெட்டி எடுக்க வேண்டும்.

கோலமாவும் விபூதியும் மிக மெல்லிய தூள்; ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். கழுவக்கூடிய ஃபில்டரா, மாற்று ஃபில்டர் என்ன விலை என்று பாருங்கள். கழுவினால் முழுக்கக் காயும்வரை, குறைந்தது ஒரு நாள், திரும்பப் பொருத்தாதீர்கள். ஈர ஃபில்டர் நாறும், மோட்டாரையும் கெடுக்கும்.

சாம்பார் சிந்தினாலோ, பால் கொட்டினாலோ ரோபோவை அனுப்பக் கூடாது. சாதாரண ரோபோவின் உறிஞ்சும் பகுதி உலர்ந்த குப்பைக்கு மட்டும்தான். நாய்க்குட்டி வளர்க்கிறவர்கள், அது வெளியே போய்ப் பழகும்வரை, ஆள் இல்லாத நேரத்தில் ரோபோவை ஓடவிட வேண்டாம். வீடு முழுக்கப் பூசிவிட்டு வந்து நிற்கும்.

படி 3: அதற்கு வழி தெரியுமா?

செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். 2002இல் அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் ரூம்பா என்ற தன் முதல் ரோபோ வேக்யூமைக் கொண்டுவந்தபோது அதற்கு வரைபடம் கிடையாது. முட்டும், திரும்பும், வேறு பக்கம் போகும். நெடுநேரம் சுற்றினால் ஏறத்தாழ எல்லா இடத்தையும் தொட்டுவிடும் என்ற நம்பிக்கையில் செய்தது. 2010இல் நீட்டோ என்ற நிறுவனம் சுழலும் லேசரைத் தலையில் வைத்தது. அந்த லேசர் ஒளி சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தை அளந்து, வீட்டின் படத்தை ரோபோ தானே வரைந்துகொள்ளும். லைடார் என்று விளம்பரங்களில் வருவது இதுதான்.

இன்றும் மலிவான மாடல்கள் சில, கைரோஸ்கோப்பையும் (எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று உணரும் சென்சார்) சக்கரச் சுழற்சியையும் மட்டும் நம்பி ஓடுகின்றன. ஒரே ஹால், ஒரு படுக்கையறை என்றால் அவை சமாளிக்கும். மூன்று அறை வீட்டில் எங்கே பெருக்கினோம் என்பது மறந்து, திரும்ப வழி தெரியாமல் கட்டிலுக்கு அடியில் சார்ஜ் தீர்ந்து கிடக்கும். இந்தியாவில் லைடார் மாடல்கள் ஏறத்தாழ 15,000 ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. அந்த விலைக்குக் கீழே இறங்கி மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வரைபடம் இருந்தால் கிடைக்கும் பெரிய வசதி, ஆப்பில் கட்டம் போட்டு 'இங்கே போகாதே' என்று சொல்லிவிடலாம். பூஜை அறையில் தரையில் வைத்த விளக்கு, வாசல் கோலம், கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் வயர் கூட்டம் எல்லாவற்றையும் தடுத்துவிடலாம். சமையலறையை மட்டும் இரண்டு முறை பெருக்கச் சொல்லலாம். மாடி வீடு என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களின் வரைபடத்தைச் சேமிக்கிறதா என்று கேளுங்கள். மாடிக்கு நீங்கள் தூக்கிக்கொண்டு போய் வைத்தால் அது அங்கே பெருக்கும்.

லேசருக்கு இருட்டு தடையில்லை. ஆனால் தரைவரை கண்ணாடி பதித்த பீரோ அதைக் குழப்பும். கண்ணாடிக்குள் இன்னொரு அறை இருப்பதாக வரைபடத்தில் காட்டும். கண்ணாடியை ஒட்டி ஒரு தடைக்கோடு போட்டால் தீர்ந்தது.

கேமரா உள்ள மாடல்கள் செருப்பு, வயர், சாக்ஸ் போன்றவற்றைக் கண்டு விலகிப் போகும். பொருட்கள் இறைந்து கிடக்கும் வீட்டுக்கு, குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு, அது பெரிய உதவி. ஆனாலும் படுக்கையறை வரை உருண்டு வரும் ஒரு கேமரா அது என்பதை நினைவில் வையுங்கள். சோதனைக்காக ஓடிய ரூம்பாக்கள் வீட்டுக்குள் எடுத்த படங்கள் வெளியே கசிந்ததை 2022இல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் எழுதியது. 2024இல் அமெரிக்காவில் எக்கோவாக்ஸ் நிறுவனத்தின் ஒரு மாடலை யாரோ ஊடுருவி, அதன் ஸ்பீக்கர் வழியாக வீட்டிலிருந்தவர்களைத் திட்டினார்கள். என் வீட்டுக்கு என்றால் கேமரா இல்லாத லைடார்தான் எடுப்பேன். கேமரா தேவை என்றால் ஆப்புக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள், நேரலை வீடியோ வசதியை அணைத்து வையுங்கள்.

படி 4: துடைக்கவும் வேண்டுமா?

'2 இன் 1' என்று போட்டிருப்பவற்றில் பல, பின்னால் ஒரு ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். மேலோட்டமான தூசிப் படலம் போகும். காய்ந்த காபிக் கறை போகாது. இரண்டு வட்டத் துணிகள் சுழன்று அழுத்தித் தேய்ப்பவையும், உருளை மாப் உள்ளவையும் இன்னும் நன்றாகத் துடைக்கும். எதுவானாலும் வாரம் ஒருமுறை கையால் துடைக்கும் வேலை மிச்சம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பது முக்கியம். உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள இடங்களில் மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துவிடும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்க வேண்டாமே என்று ஊற்றத் தோன்றும். அதில் உப்பு இன்னும் அதிகம், வேண்டாம். குடிக்கும் தண்ணீரே ஊற்றலாம், ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் பிடிக்கும். பினாயில், டெட்டால் எதுவும் கலக்காதீர்கள். நிறுவனம் அனுமதித்த திரவத்தைத் தவிர வேறு ஊற்றிப் பம்ப் கெட்டால் வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

வேலை முடிந்ததும் ஈரத்துணியைக் கழற்றி அலசிக் காயப்போட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே ராத்திரியில் துணி நாற ஆரம்பித்துவிடும். இதைத் தினமும் செய்ய முடியாது என்று தோன்றினால், ஒன்று பெருக்குவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், அல்லது துணியைத் தானே கழுவி சூடான காற்றில் உலர்த்தும் டாக் (ரோபோ சார்ஜ் ஏற வந்து நிற்கும் நிலையம்) உள்ள மாடலுக்குப் போங்கள்.

படி 5: எந்த டாக்?

சாதாரண டாக் சார்ஜ் மட்டும் செய்யும். ரோபோவின் குப்பைப் பெட்டி அரை லிட்டருக்கும் குறைவு. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்கள் கொட்ட வேண்டும். அடுத்த வகை, குப்பையைத் தானே ஒரு பைக்குள் இழுத்துக்கொள்ளும். 60 நாள் வரை தாங்கும் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். சாலையோர வீட்டில் அதற்கு வெகு முன்பே நிரம்பும். பை தீர்ந்தால் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தூசி ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்தச் செலவு நியாயமானது. மூடிய பையை அப்படியே எடுத்துப் போடலாம், தூசி பறக்காது. மற்றவர்களுக்கு அவசியமில்லை.

துணியைக் கழுவி உலர்த்தும் டாக் உள்ளவற்றின் விலை இன்னும் அதிகம். அவற்றிலும் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியை நீங்கள்தான் கொட்டிக் கழுவ வேண்டும். இடமும் ஒரு சின்ன டீப்பாய் அளவு வேண்டும்.

இன்வெர்ட்டர் உள்ளவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். வெறும் சார்ஜ் டாக் மிகக் குறைவான மின்சாரமே எடுக்கும். ஆனால் குப்பையை இழுக்கும் டாக், அந்தச் சில விநாடிகளுக்கு ஆயிரம் வாட்டை நெருங்கலாம். கரண்ட் போன நேரத்தில் சின்ன இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் நின்றுவிடும். டாக்கை இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத பிளக்கில் மாட்டுங்கள். எத்தனை வாட் என்பது டாக்கின் லேபிளில் இருக்கும்.

படி 6: இப்போது பாஸ்கல்

டைல்ஸ் மேல் கிடக்கும் தூசிக்கு 2,500 முதல் 3,000 பாஸ்கல் போதும். கூடுதல் இழுவிசை தேவைப்படுவது தடித்த கார்ப்பெட்டுக்கு. நம்மிடம் இருப்பது ஜமக்காளமும் கோரைப்பாயும். ஜமக்காளத்தின் குஞ்சம் பிரஷ்ஷில் மாட்டும் என்பதால் இரண்டையும் சுருட்டி வைத்துவிட்டே ஓடவிடுங்கள்.

பேட்டரி 3,200 எம்ஏஎச் இருந்தால் சாதாரண இரண்டு படுக்கையறை வீட்டுக்குத் தாராளம். பெரிய வீட்டுக்கு, பாதியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருக்கிறதா பாருங்கள்.

படி 7: சர்வீஸும் ஆப்பும்

பணம் கட்டும் முன் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, கூரியரில் அனுப்ப வேண்டுமா? பக்கவாட்டு பிரஷ், உருளை, ஃபில்டர், மாப் துணி, பேட்டரி ஐந்தும் இந்தியாவில் தனியாகக் கிடைக்கின்றனவா என்று அந்த மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஆப் என்பது நிறுவனத்தின் சர்வரை நம்பி இருக்கிறது. லேசரைக் கொண்டுவந்த அந்த நீட்டோ 2023இல் மூடப்பட்டது. பிறகு சர்வரும் நின்றுபோய், அதை வாங்கியவர்கள் ஆப்பில் எதையும் செய்ய முடியாமல் போனது. ஐரோபோட்டும் 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரி மனுச் செய்தது. அதனால் ரோபோவின் மேலேயே பெருக்கவும் டாக்குக்குத் திரும்பவும் பொத்தான் உள்ள மாடலை எடுங்கள். ஆப் இயக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் அதுதான் வசதி.

பல மாடல்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். இணைய மறுத்தால், ரௌட்டரில் 2.4, 5 இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்துப் பாருங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்ததும்

டாக்கைச் சுவரை ஒட்டி, இரண்டு பக்கமும் அரை மீட்டர், முன்னால் ஒரு மீட்டருக்கு மேல் காலியாக விட்டு வையுங்கள். முழுக்க சார்ஜ் ஏறியதும் எல்லா அறைக் கதவையும் திறந்து, தரையைக் காலி செய்து, துடைக்கும் துணி இல்லாமல் முதல் ஓட்டம் விடுங்கள். கூடவே நடந்து போய் எங்கே சிக்குகிறது என்று பார்த்து, அங்கெல்லாம் ஆப்பில் தடைக்கோடு போடுங்கள்.

மாற்றிக்கொள்ளும் கெடு சில நாட்கள்தான் இருக்கும். அதற்குள் தினமும் ஓடவிட்டு, தானாக டாக்குக்குத் திரும்புகிறதா, வரைபடம் கலையாமல் இருக்கிறதா, இரவு நேரத்துச் சத்தம் தாங்கக்கூடியதா என்று மூன்றையும் சோதித்துவிடுங்கள். அதுவரை அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த தெர்மாகோல், பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டி இல்லாமல் திருப்பிக் கொடுத்தால் பல கடைகள் வாங்க மாட்டார்கள்.